பிரெஞ்சு கற்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனையை 1917இல் எங்கள் பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் நட்டவர் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். ஆயினும் இன்று இவ்வூரில் அம்மொழி காதில் விழ வாய்ப்பில்லை. என் மாணவர்கள் கண்ணாலேயே கற்கிறார்கள். கீழ்க்கண்ட தவறுகள் பெரும்பாலும் அதனால் வருபவை.

எண்களை வாய்ப்பாடாக ஒப்பித்தல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். பிரெஞ்சில் எழுபதுக்குத் தனிச்சொல் இல்லை. அறுபதும் பத்தும் சேர்ந்து 'சுவாஸான்த்-தீஸ்' என்பார்கள். எண்பது என்பது நான்கு இருபது, 'கத்ர-வேன்'. தொண்ணூறு அதனோடு பத்து. லங்காவி ஹோட்டல் ஒன்றில் வரவேற்பாளராகச் சேர்ந்த என் மாணவியும் நூறு வரை பிழையின்றி ஒப்பித்தவர்தான். மறுநாள் வரவிருந்த தம் மனைவியின் கைப்பேசி எண்ணை, பிரான்சின் வழக்கப்படி பத்து இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரித்து, விருந்தினர் ஒருவர் அவரிடம் சொன்னார். மாணவி 78ஐ 60, 18 என்றும், 95ஐ 80, 15 என்றும் எழுதியதால் தாளில் பதினான்கு இலக்கங்கள் இருந்தன. ஓட்டுநரால் தொடர்புகொள்ள முடியாமல், அந்த அம்மையார் குவா படகுத்துறையில் பெட்டிகளோடு நெடுநேரம் காத்துக் கிடந்தார்.

'சுவாஸான்த்', 'கத்ர-வேன்' என்று கேட்டதும் எழுதாதீர்கள். பேனாவைத் தூக்கிப் பிடியுங்கள். தொடர்ந்து வருவது பத்துக்குக் குறைவானால் முதல் இலக்கம் 6 அல்லது 8; பத்து முதல் பத்தொன்பது வரையானால் 7 அல்லது 9. சாலையோரக் கடையில் அமர்ந்து, செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரிகளின் பதிவெண்களை ஒருவர் பிரெஞ்சில் சொல்ல, மற்றவர் சாலையைப் பாராமல் எழுதிப் பழகலாம். 7894 வந்தால் நல்ல வேட்டை.

பெல்ஜிய வழியில் தப்பித்தல்

பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கு 'செப்தான்த்', தொண்ணூறுக்கு 'நொனான்த்' உண்டு. நீங்கள் அப்படிச் சொல்லலாம். பாரிஸ்காரர் உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டார்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைத்தல்

மீனுக்கும் பானத்துக்கும் உரிய சொற்கள் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் 'புவாஸோன்' ஆகிவிடும். (நான் இங்கே எழுதியிருப்பது வேறு வழியின்றி.)

மலாய்போல எல்லா எழுத்தையும் ஒலித்தல்

சொல்லின் கடைசி மெய் பெரும்பாலும் ஒலிக்காது.

இரண்டு மணியும் பன்னிரண்டு மணியும்

பிரெஞ்சில் இவ்விரு தொடர்களையும் பிரிப்பது ஓர் உயிரொலிதான். நண்பகலைப் பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் 'மிதி' என்பார். ஐயமிருந்தால் '14 மணியா?' என்று திருப்பிக் கேளுங்கள்.