கடைசிப் பத்து மீட்டருக்குக் கைப்பேசி வேண்டாம்

யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் துணையோடு கண்டுபிடிக்கும் ஜியோகேச்சிங் எனும் புதையல் தேடலில் பிள்ளைகளோடு புதிதாக இறங்குபவர்கள், மறைவிடம் 10 மீட்டர் தொலைவில் இருப்பதாகச் செயலி காட்டியதுமே கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணால் தேடத் தொடங்க வேண்டும். திறந்த வெளியிலேயே கைப்பேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் வரை பிசகும் என்பதாலும், டப்பாவை ஒளித்தவர் பதிந்த இடக்குறியீட்டிலும் அதே அளவு பிசகு இருக்கக்கூடும் என்பதாலும், அந்த வட்டத்துக்குள் அம்புக்குறி வெறுமனே அலைபாயும். யாரோ அடுக்கியதுபோல் ஒரே திசையில் கிடக்கும் சுள்ளிகளும், மரப்பொந்தை அடைத்திருக்கும் தட்டைக் கல்லும் பிள்ளைகளின் கண்ணில் சட்டென்று படும். அவர்களின் உயரமே அதற்குத் தோதானது.

அடர்ந்த மரங்களுக்கு நடுவிலும் உயர்ந்த கட்டடங்களின் இடுக்கிலும் பிசகு இன்னும் கூடும் என்பதால், அங்கே ஒளித்தவர் தந்துள்ள துப்பை முதலில் படித்துவிடுவது நல்லது. டப்பாவுக்குப் பதிலாக ஒளிக்கப்படும் விரல்நுனி அளவேயான காந்தக் குப்பிகளுக்குக் கண்ணால் தேடும் இந்த வழி உதவாது.