முள்ளோடை தாண்டினாலும் அதே சட்டம்தான்: ஏஐ விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பண்ருட்டியிலிருந்து ஒரு முந்திரி வியாபாரி கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். ஜிஎஸ்டி ரிட்டனுக்காக மாதாமாதம் வருகிறவர்தான். அன்றைக்குக் கையில் ஒரு கொட்டேஷன். ‘ஐரோப்பிய ஏஐ சட்டப் பதிவு மற்றும் சான்றிதழ்’, 75,000 ரூபாய், வரி தனி. “இதைக் கட்டலைன்னா இனிமே ஐரோப்பாவுக்குச் சரக்கே போகாதாமே சார்?” என்றார்.

நாங்கள் பேசிப் பார்த்ததில் அவரிடம் இருக்கும் ஏஐ, தரம் பிரிக்கும் மெஷின் ஒன்றுதான். பெல்ட்டில் ஓடும் பருப்பைக் கேமரா படம் பிடிக்கிறது. கருகல், புள்ளி விழுந்தது, நிறம் மட்டமானது வந்தால் ‘புஸ்’ என்று காற்றடித்து வேறு தொட்டியில் தள்ளுகிறது. முன்பெல்லாம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் பொறுக்கிய வேலை. இதில் எதிலும் ஒரு மனிதனுடைய வேலையோ கடனோ படிப்போ முடிவாவதில்லை. ஐரோப்பியச் சட்டத்தின் கவலை அந்த மாதிரி முடிவுகளைப் பற்றியது. பருப்புக்கு அந்தரங்கம் கிடையாது. கொட்டேஷனைக் கிழித்துப் போடுங்கள் என்றேன். அவர் கிழிக்கவில்லை, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பயம் அப்படி.

அதே வாரம் புதுச்சேரியில் இன்னொருவரைப் பார்த்தேன். பிரெஞ்சு படித்த பிள்ளைகள் பதினொரு பேரை வைத்துக்கொண்டு, பிரான்சில் உள்ள ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேலையில் பாதியை இங்கிருந்து செய்துகொடுக்கிறார். வந்த பயோடேட்டாக்களை ஒரு ஏஐ கருவிக்குள் போட்டால் அது ஆளுக்கு ஒரு மதிப்பெண் போடும். மேலே உள்ள முப்பது பேரை அனுப்பிவைப்பார்கள். சட்டத்தைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். “நாம சின்ன ஆபீஸ்ண்ணே. அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு.”

இந்த இருவரில் அந்தச் சட்டத்தை உட்கார்ந்து படிக்க வேண்டியவர் இவர்தான்.

தூரத்தை அளப்பது

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் 2021 ஏப்ரலில் முன்மொழியப்பட்டு, 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. எல்லா விதிகளும் ஒரே நாளில் வரவில்லை, தவணை தவணையாக வருகின்றன. அடியோடு தடை செய்யப்பட்டவை 2025 பிப்ரவரி 2 முதல். சாட்ஜிபிடி போன்ற பொதுப்பயன் மாடல்களைச் செய்பவர்களுக்கான விதிகள் 2025 ஆகஸ்ட் 2 முதல். ஆள் தேர்வு, கடன் தகுதி, கல்விச் சேர்க்கை ஆகியவற்றில் பயன்படும் கருவிகளைச் சட்டம் ‘அதிக ஆபத்து’ வகையில் வைத்திருக்கிறது. அவற்றுக்கு முதலில் குறித்த நாள் 2026 ஆகஸ்ட் 2. அதைத் தள்ளிப்போடலாம் என்ற யோசனையை ஐரோப்பிய ஆணையமே 2025 நவம்பரில் முன்வைத்தது.

நம்மவர்கள் கோட்டைவிடுவது, சட்டம் யாருக்கெல்லாம் பொருந்தும் என்று சொல்லும் அதன் இரண்டாவது பிரிவில். கம்பெனி எந்த நாட்டில் இருக்கிறது என்பதோடு அது நிற்கவில்லை. ஏஐ தரும் விடை ஐரோப்பாவுக்குள் பயன்பட்டால், அதை வெளிநாட்டில் உட்கார்ந்து இயக்குகிறவரையும் சட்டம் சேர்த்துக்கொள்கிறது. புதுச்சேரியில் போட்ட மதிப்பெண்ணை வைத்து பிரான்சில் ஒருவருக்கு வேலை கிடைக்கிறது அல்லது கிடைக்காமல் போகிறது. அவ்வளவு போதும்.

அபராதம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தடை செய்ததைச் செய்தால் 3.5 கோடி யூரோ வரை, அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 சதவீதம் வரை, இரண்டில் எது அதிகமோ அது. சிறு நிறுவனங்களுக்கு மட்டும் தலைகீழ்: எது குறைவோ அது. இந்தக் கடைசி வரியைக் கொட்டேஷன் கொடுக்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. என் கணிப்பில், பதினொரு பேர் ஆபீஸுக்கு முதலில் வரப்போவது ஐரோப்பிய அபராதம் அல்ல, பிரான்ஸ் கம்பெனியின் ஒரு மெயில். ‘எங்கள் வேலையில் எந்தக் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள், கடைசி முடிவை மனிதர் யார் பார்க்கிறார், பதிவுகள் எங்கே?’ அதற்குப் பதில் இல்லையென்றால் ஒப்பந்தம் போய்விடும். அதுதான் உண்மையான நஷ்டம்.

வரைவையும் விதியையும் ஒன்றாக நினைப்பது

“இந்தியாவில்தான் ஏஐ சட்டமே இல்லையே” என்பது பாதி உண்மை. ஏஐக்கென்று தனிச் சட்டம் இல்லைதான். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் புதுச் சட்டத்துக்கு அவசரப்படாமல், இருக்கும் சட்டங்களை வைத்தே நடத்தலாம் என்ற போக்கில்தான் இருக்கின்றன. மீதிப் பாதி அந்த ‘இருக்கும் சட்டங்கள்’. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 எல்லாம் ஏஐ பயன்படுத்தினாலும் அப்படியே பொருந்தும். புதுச்சேரி யூனியன் பிரதேசம், எங்களுக்கு வேறு என்று சிலர் சொல்வதுண்டு. கடலூர்–புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் பிராந்தி விலை மாறும். மத்தியச் சட்டம் மாறாது.

அடுத்தது வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘சட்டம்’. 2024 மார்ச் 1 அன்று அதே அமைச்சகத்திடமிருந்து ஓர் அறிவுரை வந்தது. முழுதாகச் சோதிக்காத ஏஐ மாடல்களை வெளியிட அரசின் அனுமதி வேண்டும் என்றது. இரண்டே வாரத்தில், மார்ச் 15 அன்று, அந்த அனுமதி நிபந்தனையை எடுத்துவிட்டுப் புது அறிவுரை கொடுத்தார்கள். பழையது மட்டும் இன்னும் வியாபாரிகள் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2025 அக்டோபரில் ஒரு வரைவு: ஏஐ செய்த படமென்றால் பத்தில் ஒரு பங்கு இடத்தை மறைக்கும்படி முத்திரை வேண்டும். 2026 பிப்ரவரியில் வந்த இறுதி விதியில் முத்திரை கட்டாயம் என்பது நின்றது, பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. வரைவைப் பார்த்துப் பேனர் டிசைனையே மாற்றிய ஒரு பிரஸ்காரர் எனக்குத் தெரியும்.

பிறரைச் சொல்வானேன். நானும் ஒருமுறை அவசரத்தில் ஒரு சாட்பாட்டிடம், ‘இந்திய ஏஐ சட்டத்தில் சிறு தொழிலுக்கு விலக்கு உண்டா?’ என்று கேட்டேன். உண்டு என்று சொல்லி, பிரிவு எண், உட்பிரிவு, விற்றுமுதல் வரம்பு எல்லாம் அழகாகக் கொடுத்தது. இல்லாத சட்டத்துக்குப் பிரிவு எண்! கட்சிக்காரருக்குக் கடிதம் பாதி அடித்த பிறகுதான் சட்டத்தின் ஆண்டு எங்கே என்று தேடினேன். நியூயார்க்கில் 2023-இல் இப்படி சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் கொடுத்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. நான் தப்பித்தது டீ குடிக்க எழுந்ததால்.

வரவேற்பு மேசையில் நடப்பது

தவறுகளிலேயே அதிகம் நடப்பதும், யாருக்கும் தவறாகத் தோன்றாததும் இதுதான். புதுச்சேரி கடற்கரைப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் கண்ணால் பார்த்தேன். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசின் தளத்தில் ஏற்ற வேண்டும், ‘சி ஃபார்ம்’ என்று சொல்லிப் பழகிய படிவம். வரவேற்பில் இருந்த தம்பி பாஸ்போர்ட்டையும் விசாவையும் போனில் படம் எடுத்தார். படத்தை ஓர் இலவச ஏஐ செயலியில் போட்டு, ‘விவரத்தை எல்லாம் வரிசையாகக் கொடு’ என்றார். பத்து விநாடியில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் வந்துவிட்டது. ஒட்டினார், முடிந்தது. கெட்டிக்காரப் பையன். ஆனால் அந்தச் செயலி அவருடைய சொந்தக் கணக்கில் இருக்கிறது. பழைய உரையாடல்களை மேலே தள்ளிக் காட்டச் சொன்னேன். ஜெர்மனி, பிரான்ஸ், திருச்சி, நெய்வேலி… ஆதார் அட்டைகளும் கலந்து மாதக்கணக்கில் நீள்கிறது. அந்தத் தம்பி நாளைக்கு வேறு விடுதிக்குப் போனால் அத்தனையும் அவரோடு போகும்.

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி இதற்குப் பொறுப்பு விடுதி முதலாளி. தரவை யாரிடம் கொடுத்து வேலை வாங்கினாலும் பொறுப்பு அவரைவிட்டுப் போகாது. தகுந்த பாதுகாப்பு செய்யாமல் கசியவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அது உச்சவரம்பு, பத்து அறை விடுதிக்கு அவ்வளவு போடுவார்கள் என்று மிரட்ட மாட்டேன். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு, அதாவது 2027 மே. ‘இன்னும் நாள் இருக்கே’ என்று அந்தத் தேதி வரைக்கும் பாஸ்போர்ட்டை இலவச செயலியில் போட்டுக்கொண்டே இருப்பது இன்னொரு தவறு. இன்று போட்டதை அன்றைக்கு எடுக்க முடியாது. விவரத்தைக் கையால் அடிக்க ஒரு விருந்தினருக்கு மூன்று நிமிடம் ஆகும். அடிக்கச் சொல்லுங்கள்.

‘பாட் சொன்னதுக்கு நான் என்ன பண்றது?’

இந்தக் கேள்விக்குக் கனடாவில் பதில் கிடைத்துவிட்டது. ஏர் கனடாவின் சாட்பாட், உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்பவர் டிக்கெட் வாங்கிய பிறகும் சலுகைக் கட்டணம் கேட்கலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொல்லிவிட்டது. வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயத்துக்குப் போனபோது, சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்கிற தோரணையில் கம்பெனி வாதம் வைத்தது. தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்கவில்லை. தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் கம்பெனியே பொறுப்பு என்று சொல்லி, சுமார் 812 கனடிய டாலர் கொடுக்க வைத்தது. நம் ஊர் நுகர்வோர் ஆணையத்தில் இந்த வாதம் எடுபடும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடைப் பையன் தப்பாக விலை சொன்னால் முதலாளிதானே சமாளிக்கிறார்?

விளம்பரப் படங்களும் அப்படித்தான். சந்துக்குள் இருக்கும் அறைக்கு ஏஐ வைத்துக் கடல் தெரியும் பால்கனி போட்டுவிடுகிறார்கள். படத்தின் மூலையில் ‘ஏஐ உருவாக்கியது’ என்று எழுதினாலும் இல்லாத பால்கனி வந்துவிடாது. அது தவறான விளம்பரம்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும் மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். வெளிச்சத்தைக் கூட்டுவது, நிறத்தைச் சரிசெய்வது போன்ற வழக்கமான திருத்தங்களை 2026 பிப்ரவரியின் முத்திரை விதி கண்டுகொள்ளாது. அதற்காகப் பயப்பட வேண்டாம்.

தீபாவளி நெருங்கினால் இன்னொன்று ஆரம்பிக்கும். பெரிய நடிகர் குரலில் ‘நம்ம கடைக்கு வாங்க’. ஏஐ குரல்தான், ஆளில்லாமல் ஐந்து நிமிடத்தில் தயார். ரஜினிகாந்தின் பெயர், சாயல், பாணி ஆகியவற்றை அனுமதியின்றி பயன்படுத்துவது பற்றி சென்னை உயர் நீதிமன்றம் 2015-இலேயே அவர் பக்கம் நின்று உத்தரவிட்டிருக்கிறது. புதுச்சேரியும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. 2023 ஜனவரியில் குரலையும் சேர்த்து எச்சரித்து அவர் தரப்பில் பொது அறிவிப்பே வந்தது. ‘சும்மா ரசிகர் பாசம் சார்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

ஒரு நோட்டுப் புத்தகம்

வருகிறவர்களிடம் நான் கேட்பது 75,000 ரூபாய் அல்ல. நாற்பது பக்க நோட்டு ஒன்று. கடையில், ஆபீஸில், பட்டறையில் ஏஐ என்று எதெல்லாம் ஓடுகிறதோ எழுதுங்கள். என்ன கருவி, யார் கணக்கில் இருக்கிறது, உள்ளே என்ன போகிறது, அதன் பதிலால் எந்த மனிதருக்கு என்ன ஆகிறது, கடைசியாகப் பார்க்கிறவர் யார். இங்கே சட்டம் எப்படி வந்தாலும், ஐரோப்பா தேதியைத் தள்ளினாலும் தள்ளாவிட்டாலும், யார் கேட்டாலும் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

முந்திரிக்காரர் இந்த மாத ரிட்டனுக்கு வரும்போது எழுதிக்கொண்டு வந்திருந்தார். முதல் வரி: தரம் பிரிக்கும் மெஷின், போவது பருப்பு, பாதிப்பு யாருக்கும் இல்லை. இரண்டாவது: பையன் ஏற்றுமதிக் கடிதங்களை இங்கிலீஷில் திருத்த வைத்திருக்கும் செயலி. மூன்றாவது வரியில் நான் நிமிர்ந்தேன். வருகைப் பதிவு, முகம் காட்டும் மெஷின், 42 ஆட்கள்.

“இதை அன்னைக்குச் சொல்லவே இல்லையே?”

“அது ஏஐயா சார்? மூஞ்சி காட்டினா பீப்புன்னு சத்தம் போடும், அவ்வளவுதான்.”

அந்த முகங்கள் எங்கே சேமிப்பில் இருக்கின்றன, வேலையை விட்டு நின்றவர்களின் முகம் அழிக்கப்பட்டதா, கடவுச்சொல் யாரிடம் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, மெஷின் மாட்டிய ஆளுக்குப் போன் போட்டார். அவர் எடுக்கவில்லை.