எண் காட்டாத பட்டியல்

இணையப் பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல் கற்கத் தொடங்கி, சாம்பார் செய்முறை ஒன்றைப் பக்கமாகப் போட்டேன். யூஎல் என்ற புள்ளிப் பட்டியலில் எழுதிய பொருட்களுக்குப் புள்ளிகள் சரியாக வந்தன. ஓஎல் என்ற எண் பட்டியலில் எழுதிய செய்முறைக்கு மட்டும் 1, 2, 3 எதுவுமே இல்லை.

முதலில் டேக்குகள் எனப்படும் இந்தக் குறியீடுகளைப் பார்த்தேன். பட்டியலின் ஒரு வரியைக் குறிக்கும் எல்ஐ ஒவ்வொன்றும் ஓஎல்லுக்கு உள்ளேதான் இருந்தது. அடுத்து, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில், எண்களைக் காட்டச் சொல்லி லிஸ்ட்-ஸ்டைல்-டைப் டெசிமல் என்று எழுதினேன். பலனில்லை. எண்கள் இடது ஓரத்துக்கு வெளியே போயிருக்குமோ என்று பார்த்தால், உலாவி தானாகத் தரும் 40 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) அப்படியே இருந்தது. உலாவி சேமித்து வைக்கும் பழைய நகலான கேஷை அழித்ததும் வீண். நாட்கள்தான் போயின.

அப்புறம் உலாவியில் பக்கத்தின் உள்ளமைப்பைக் காட்டும் இன்ஸ்பெக்ட் திறந்து இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டேன். குரோமில், புள்ளி வந்த எல்ஐக்குள் மார்க்கர் (புள்ளியை அல்லது எண்ணைக் குறிப்பது) என்று சின்னதாக ஒரு வரி தெரிந்தது. எண் வராத எல்ஐக்குள் அந்த வரியே இல்லை! பலரும் கவனிக்காத இடம் இதுதான். ஸ்டைல் பகுதியில் அந்த எல்ஐக்கு டிஸ்ப்ளே (காட்டும் விதம்) ஃபிளெக்ஸ் என்று இருந்தது. படத்தையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்காகச் சேர்த்த வரி அது.

எல்ஐயின் இயல்பான டிஸ்ப்ளே லிஸ்ட்-ஐட்டம். அது மாறினால் எண்ணும் வராது, புள்ளியும் வராது. லிஸ்ட்-ஸ்டைலில் என்ன எழுதினாலும் ஏறாது.

எல்ஐக்குள் டிவ் என்ற வெறும் பெட்டி ஒன்றைப் போட்டு, படத்தையும் எழுத்தையும் அதற்குள் நகர்த்தி, ஃபிளெக்ஸை அந்த டிவ்வுக்கு மாற்றினேன். பக்கத்தைப் புதுப்பித்ததும் எண்கள் வந்துவிட்டன. அப்பாடா!