பச்சைச் சாணத்தை அப்படியே இறைக்காதீர்கள்: ஆடிப்பட்டத்துக்கு எரு மக்க வைக்கும் முறை

முதல்முறை கடலை போட்ட வருடம் பக்கத்துத் தோட்டத்துக் குப்பைமேட்டில் இரண்டு டிராக்டர் சாணம் வாங்கி அப்படியே இறைத்தேன். மேலே காய்ந்திருந்தது, உள்ளே பச்சை. கடலையைவிடச் சாரணைக் களைதான் செழித்தது. வாடி நின்ற செடிகளைப் பிடுங்கினால் வேரெல்லாம் கறையான். மாடு தின்ற களைவிதை சாணத்தோடு உயிராகவே வெளியே வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதனால் ஆடியில் விதைக்க வேண்டுமென்றால் பங்குனியிலேயே குவியல் போட்டுவிடுங்கள். மூன்று, மூன்றரை மாதம் கையில் இருக்கும்.

குவியல் போடுதல்

மர நிழலாக, மழைத்தண்ணீர் தேங்காத மேட்டு இடம் பாருங்கள். அகலம் 5 அடி, உயரம் 4 அடி, நீளம் உங்கள் இஷ்டம். உயரம் 3 அடிக்குக் கீழே போனால் சூடு நிற்காது.

அடியில் சோளத்தட்டை அல்லது பருத்திமார். அதன்மேல் அரை அடிக்கு வைக்கோல், சருகு, விதை முற்றாத களை; அப்புறம் இரண்டு அங்குலம் சாணம். இப்படியே மாற்றி மாற்றி அடுக்குங்கள். கட்டுத்தறியில் மூத்திரம் ஊறிய மண்ணையும் வழித்துப் போடுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) அதில்தான் அதிகம், நாம்தான் வீணாக்குகிறோம். வெறும் சாணத்தை மலையாகக் கொட்டினால் காற்றில்லாமல் உள்ளே அழுகி நாறும். 25 முதல் 30 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருந்தால் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும். கார்பன் தருவது வைக்கோலும் சருகும்.

ஈரமும் சூடும்

புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான். குவியலுக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. சொட்டினால் காய்ந்த சருகு சேருங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். சித்திரை வெயிலில் வாரம் இருமுறையாவது தெளிக்க வேண்டிவரும். மேலே தென்னோலை போட்டு மூடினால் அந்த வேலை குறையும்.

ஐந்தாறு நாள் கழித்து ஒரு கடப்பாரையை நடுவில் செருகிப் பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். நுனியைப் பிடிக்க முடியாமல் கை சுட்டால் சரி, குவியல் வேலை செய்கிறது. உள்ளே 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் பெரும்பாலான களைவிதை செத்துவிடும். ஓரத்தில் கிடப்பதற்கு அந்தச் சூடு கிடைக்காது. ஆகவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெளியே இருப்பது உள்ளே போகும்படி புரட்டிப் போடுங்கள். புரட்டும்போது வளைந்து கிடக்கும் கொழுத்த வெள்ளைப் புழுக்கள் கண்ணில் பட்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழுவாக இருந்தால், தென்னை வைத்திருப்பவர்களுக்கு அதைப் பொறுக்கியது பெரிய உபகாரம்.

பதம் பார்த்தல்

குவியல் பாதியாக அமுங்கி, புரட்டினாலும் சூடேறாமல், முதல் மழை மண்வாசம் வந்தால் எரு தயார். சந்தேகமா? மண்ணில் கலந்து தொட்டியில் பாசிப்பயறு ஊன்றிப் பாருங்கள். ஒழுங்காக முளைத்தால் வயலுக்குப் போகலாம்.

வயலில் போடுதல்

பல பயிர்களுக்கும் அடியுரமாக ஏக்கருக்கு 5 டன் சொல்வார்கள். சென்டுக்கு 50 கிலோ. கடைசி உழவுக்கு முன் இறைத்து, அன்றைக்கே உழுது மூடுங்கள். சிறுசிறு குவியலாகக் கொட்டிவிட்டு டிராக்டர் வரட்டும் என்று வாரக்கணக்கில் வெயிலில் விட்டால் சத்து காற்றில் போய்விடும். கோழி எரு என்றால் இந்த அளவு போடாதீர்கள். அது காரமானது, பயிர் கருகும்.

தொழு எருவில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம். 5 டன்னில் 25 கிலோ. கணக்குக்கு ஒரு மூட்டை யூரியாவைவிடச் சற்று அதிகம். ஆனால் முதல் பட்டத்தில் அதில் ஒரு பகுதிதான் பயிருக்குக் கிடைக்கும், மீதி அடுத்தடுத்த பட்டங்களில் மெதுவாக வரும். யூரியா போட்ட பக்கத்து வயல் கருகருவென்று நிற்கும்போது உங்களுடையது கொஞ்சம் வெளிறித் தெரிந்தால், பதறி ஓடிப்போய் மூட்டை வாங்க வேண்டாம்.