கூட்டம் பார்த்தாச்சு, மரம் போட்டாச்சுங்களா?

முப்பத்தொரு வருஷம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தினேன். மெண்டலின் பட்டாணிச் செடியைக் கரும்பலகையில் வரையாத வருஷம் கிடையாது. என் சொந்தக் குடும்பத்தை ஒரு தாளில் வரைந்து பார்த்தது மட்டும் ஓய்வு பெற்ற பிறகுதான். எங்களுக்குக் காங்கேயம் பக்கம். நான் கட்டிக்கொண்டது அம்மாவின் அண்ணன் மகனை. மூத்த பையன் பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது, பக்கத்திலேயே குக்கர் விசில் அடித்தும் திரும்பிப் பார்க்கவில்லை. காது கேட்காது என்று அப்படித்தான் தெரிந்தது. இன்றைக்கு அவன் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர், கை நிறையச் சம்பாதிக்கிறான். அது வேறு கதை.

என் தம்பி மகளுக்கு என் கொழுந்தனார் மகனைப் பேசினார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது, கூட்டமும் (எங்கள் பக்கம் தகப்பன் வழிக் குலத்துக்கு அதுதான் பெயர்) வேறு வேறு. அன்றைக்குத்தான் மாதக் காலண்டரைக் கிழித்து, பரம்பரைக் குறை எங்கெங்கே வந்திருக்கிறது என்று பார்க்கப் பின்பக்கம் குடும்ப மரத்தை வரைய உட்கார்ந்தேன். நீங்களும் வரையலாம். பெரிய தாள், பென்சில், ரப்பர் போதும். ரப்பர் முக்கியம், ஏனென்றால் முதல் நாள் கிடைக்கும் தகவலில் பாதி மறுநாள் மாறும்.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவிக்கு நடுவே ஒரு கோடு. அவர்கள் ரத்த சொந்தம் என்றால் இரட்டைக் கோடு. குழந்தைகளை வயது வரிசையில் கீழே தொங்கவிடுங்கள். குறை உள்ளவரின் கட்டத்தை முழுக்கக் கறுப்பாக்குங்கள். இறந்தவர் மேல் குறுக்காக ஒரு கோடு, கலைந்த கர்ப்பத்துக்குச் சின்ன முக்கோணம். மூன்று தலைமுறையாவது வேண்டும். வரைவது அரை மணி நேர வேலை. கேட்டு வாங்குவதுதான் பெரும்பாடு.

கேட்பதற்கு அம்மிச்சிதான் (அம்மாவின் அம்மா) சரியான ஆள். அப்பாருவிடம் (தாத்தாவிடம்) போனால் பங்காளி சொத்துக் கணக்கு வரும், பிள்ளைக் கணக்கு வராது. “நம்ம குடும்பத்தில் பரம்பரை வியாதி இருக்குதுங்களா?” என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். அப்படிக் கேட்காதீர்கள். “உங்களுக்கு மொத்தம் எத்தனை பிரசவம் அம்மிச்சி?” என்று தொடங்குங்கள். ஏழு என்பார்கள். உயிரோடு இருப்பது ஐந்து என்றால், மற்ற இரண்டையும் மெல்லக் கேளுங்கள். “அது பொறந்ததிலிருந்தே வெளுத்தே கெடந்துச்சு, ரத்தம் ஏத்திக்கிட்டே இருந்தாங்க”, “ஓடியாடுன பையன், எட்டு வயசுல நடை போச்சு”, “பல்லு விழுந்தா ரத்தம் நிக்காது” என்று பேச்சு வரும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வியாதியின் பெயரை நீங்கள் வைக்க வேண்டாம். சாமி குத்தம் என்று சொன்னாலும் மறுத்துப் பேசாமல் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மிச்சியின் தங்கை ஒருத்தி வாய் பேசாமல் இருந்து பதினாறு வயதில் இறந்துபோனது, அறுபது வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத சேதி. அம்மிச்சி இறந்துவிட்டார், அவர் மகளான என் சித்திதான் சொன்னார், அதுவும் மூன்றாம் முறை கேட்டபோது.

இனி கூட்டத்துக்கு வருகிறேன். வேறு கூட்டம் என்றால் வேறு ரத்தம் என்பது எங்கள் பக்கம் பலரின் நம்பிக்கை. கூட்டம் அப்பனிடமிருந்து மகனுக்கு, அவனிடமிருந்து அவன் மகனுக்குப் போகிறது. மரபணுக்களைச் சுமக்கும் இழைதான் குரோமோசோம். மனித உடம்பில் கூட்டம் போகும் அதே வழியில் போவது ஒய் குரோமோசோம். ஆணின் செல்லில் இருக்கும் 46 குரோமோசோம்களில் கூட்டம் அந்த ஒன்றைத்தான் பின்தொடர்கிறது. மற்ற 45-க்கும் அதில் கணக்கில்லை. பெண்ணுக்கு அந்த ஒன்றும் கிடையாது. மாமன் மகளும் அத்தை மகனும் வேறு கூட்டம்தான், ஆனால் இருவருக்கும் தாத்தா பாட்டி ஒன்று. சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காளையின் தாய் வழியையும் தகப்பன் வழியையும் துருவித் துருவிக் கேட்கும் ஆட்கள், சம்பந்தம் பேசும்போது ஒரு வழியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சரி, தாளை எப்படிப் படிப்பது? அப்பா அம்மா நன்றாக இருந்து, பிள்ளைகளில் ஆண் பெண் வித்தியாசமின்றிக் கறுப்புக் கட்டம் வந்திருந்தால், மேலே இரட்டைக் கோடும் இருந்தால், ஒடுங்கிய மரபணுவை (இரண்டு பிரதியும் பழுதானால்தான் குறை வெளியே தெரியும்) சந்தேகிக்கலாம். விந்தும் முட்டையும் உருவாகும் குன்றல் பகுப்பில் 23 ஜோடியும் பிரிந்து, ஜோடிக்கு ஒன்றுதான் குழந்தைக்குப் போகிறது. இருவரிடமும் ஒரே பழுது இருந்தால், இருவரும் பழுதான பிரதியையே கொடுக்க நான்கில் ஒரு வாய்ப்பு. தலாசீமியா என்ற ரத்தச்சோகை இந்த வகை, பரம்பரையாக வரும் பிறவிக் காதுகேளாமையிலும் பெரும்பகுதி இந்த வகை. இங்கே எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: “முதல் பிள்ளைக்கு வந்திருச்சு, இனி மூணுக்கு வராது.” முதல் உருட்டில் தாயம் விழுந்ததைத் தாயக்கட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அதே நான்கில் ஒன்றுதான்.

கறுப்பெல்லாம் ஆண்களாகவே இருந்து, அவர்கள் பெண்கள் வழியாகவே இணைந்திருந்தால் (பையனுக்கும் அவன் தாய்மாமனுக்கும் என்பதுபோல்) அது எக்ஸ் குரோமோசோம் சமாசாரம். ரத்தம் உறையாத ஹீமோபீலியா, தசை வலுவிழக்கும் டூஷென் இரண்டும் அப்படி. சொந்தத்தில் கட்டாவிட்டாலும் வரும்.

டவுன் சிண்ட்ரோமை இவற்றோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். பெரும்பாலும் அது பரம்பரை அல்ல, பகுப்பில் நேரும் பிசகு. 21-ஆம் ஜோடி பிரியாமல் ஒட்டியே போய், குழந்தைக்கு 47 ஆகிவிடுகிறது. இதை 1959-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். பெண்ணின் முட்டைகள், அவள் தன் தாய் வயிற்றில் இருக்கும்போதே பகுப்பைத் தொடங்கி, பாதியில் நின்று வருஷக்கணக்காகக் காத்திருக்கின்றன. அதனால்தான் 25 வயதுத் தாய்க்குச் சுமார் 1,250-இல் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு, 40 வயதில் 100-இல் ஒன்றை நெருங்குகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள நூறு குழந்தைகளில் மூன்று நான்கு பேருக்கு மட்டும் 21-ஆம் குரோமோசோம் வேறொன்றோடு ஒட்டியிருக்கும். அப்போது பெற்றோருக்கும் சோதனை தேவை.

அப்புறம் சோதனை. பச்சை மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, மூன்று நாள் செல் வளர்த்து, பகுப்பை நடுவில் நிறுத்திக் குரோமோசோம்களை வரிசையாக அடுக்கிப் பார்ப்பது கேரியோடைப். நாங்கள் முதலில் எடுத்தது அதைத்தான். மகனுக்கு “46, எக்ஸ் ஒய், இயல்பு” என்று வந்தது. “பாரு, ஒண்ணுமில்லே” என்றார் வீட்டுக்காரர். புத்தக அலமாரியில் 46 புத்தகமும் இருக்கிறதா என்று எண்ணும் சோதனை அது. உள்ளே ஒரு எழுத்து பிழையாக இருந்தால் அதில் தெரியாது. அதற்கு மரபணுச் சோதனை வேண்டும், முதலில் குறை உள்ளவருக்கு. அவரிடம் பிழை இன்னதென்று தெரிந்த பிறகு மற்றவர்களுக்கு அதை மட்டும் தேடினால் போதும். எங்கள் பையனுக்கு 13-ஆம் குரோமோசோமில், கனெக்சின் 26 புரதத்துக்கான மரபணுவில் இருந்தது. தலாசீமியாவுக்கு இவ்வளவு சுற்ற வேண்டாம்: ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் சுமப்பவர் (தனக்கு வியாதி இல்லாமல் ஒரு பழுதான பிரதியை வைத்திருப்பவர்) என்று சந்தேகிப்பார்கள். இரும்புச் சத்து மாத்திரை தின்றும் ரத்தம் ஏறாத பெண்களுக்கு இதைப் பார்ப்பது நல்லது.

வரைந்த தாளைச் சுருட்டிக்கொண்டு மரபியல் ஆலோசகரிடம் போங்கள். கோவையில் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் போவது உத்தமம், கர்ப்பமான பிறகு என்றால் நாளை எண்ணிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். பயப்படவும் வேண்டாம். எந்தத் தம்பதிக்கும் நூறு குழந்தையில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் குறை வரலாம், மாமன் மகள், அத்தை மகன் கட்டினால் அது நான்கு முதல் ஆறு. முடிவு உங்களுடையது, மாமன் மச்சான்களுடையது அல்ல.

எங்கள் பிள்ளைகள் இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். மாப்பிள்ளை அந்தப் பழுதைச் சுமக்கிறான், தம்பி மகளிடம் அது இல்லை. வைகாசியில் கல்யாணம் நடந்தது. காலண்டர் தாளை எடுத்து இருவருக்கும் நடுவில் இரட்டைக் கோடு போட்டேன்.