தொழிற்கண்காட்சியில் வீடியோ தயாரிப்புப் பயிற்சி வகுப்புகளை எடைபோடுவது எப்படி?

லாஸ் வேகாஸில் நடைபெறும் என்ஏபி ஷோ, ஆம்ஸ்டர்டாமில் நடைபெறும் ஐபிசி போன்ற ஒளிபரப்பு, வீடியோத் துறையின் பெரிய கண்காட்சிகளில் கருவிகளைப் பார்வையிடுவதோடு ஏராளமான பயிற்சி வகுப்புகளிலும் கலந்துகொள்ள முடிகிறது. நிகழ்ச்சி நிரலில் எல்லாமே 'பயிற்சி' என்றே அச்சிடப்பட்டிருந்தாலும், அவற்றுள் மூன்று வேறுபட்ட வகைகள் கலந்திருக்கும்: தயாரிப்பு நிறுவனம் தன் அரங்கிலேயே நடத்தும் செயல்விளக்கம், விளம்பர ஆதரவாளரின் மேடையில் நிகழும் உரை, தனிக் கட்டணம் செலுத்திப் பதிவுசெய்துகொள்ள வேண்டிய வகுப்பு. ஆகவே, பயிற்றுநருக்கு ஊதியம் தருபவர் யார் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். செயல்விளக்கம் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை; அந்தக் கேமராவை வடிவமைத்த பொறியாளரே எதிரில் நிற்கும்போது, வேறு எவராலும் தீர்க்க முடியாத ஐயம் அங்கே தீரக்கூடும். ஆனால் அந்தக் கருவியால் எதைச் செய்ய முடியாது என்பதை அவர் தாமாக முன்வந்து சொல்வார் என்று எதிர்பார்க்க இயலாது.

வகுப்பின் அறிமுகக் குறிப்பை நிதானமாக வாசித்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும். 'கலர் கிரேடிங்கின் (காட்சியின் வண்ணத்தையும் ஒளியையும் சீர்செய்வதன்) நுணுக்கங்கள்' என்ற தலைப்பு எதையும் உறுதியளிப்பதில்லை. 'லாக் முறையில் (பின்னர் திருத்த இடம்விட்டு, ஒளி-நிழல் வேறுபாடு குறைவாகப் பதிவுசெய்யும் முறை) இரண்டு வெவ்வேறு கேமராக்களில் பதிவான காட்சிகளை ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவருதல்' என்பதோ வகுப்பின் முடிவில் நமக்கு எது கைவர வேண்டும் என்பதைத் தெளிவாகக் கூறுகிறது. முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும், மென்பொருளின் எந்தப் பதிப்பு பயன்படுத்தப்படும், சொந்த லேப்டாப் தேவையா, பயிற்சிக்கான ஃபுட்டேஜ் (பதிவான காட்சிகள்) வழங்கப்படுமா என்பனவும் குறிப்பில் இருக்க வேண்டும். ஒரு மணி நேர வகுப்புக்குப் பத்துத் தலைப்புகள் பட்டியலிடப்பட்டிருந்தால், ஒவ்வொன்றுக்கும் 6 நிமிடம்தான் கிடைக்கும். அது அறிமுகமாக அமையலாமே தவிரப் பயிற்சியாக அமையாது.

அதே பாடம் வேறெங்கேனும் இலவசமாகக் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு, வண்ணத்திருத்த மென்பொருளுக்கான பயிற்சி நூல்களையும் பயிற்சிக் கோப்புகளையும் தன் இணையதளத்திலேயே கட்டணமின்றி வழங்குகிறது. மென்பொருளின் மெனுக்களை வரிசையாக விளக்கும் வகுப்புக்காகக் கண்காட்சியின் அரை நாளைச் செலவிடுவதில் பொருளில்லை என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் கிடைக்காத இரண்டு மட்டுமே கண்காட்சி வகுப்பின் உண்மையான மதிப்பு: நம்மிடம் இல்லாத கருவி, நம் கையைப் பார்த்துத் திருத்தும் ஆள். எனவே ஒளியமைப்பு, பல கேமராக்களைக் கொண்ட நேரலைத் தயாரிப்பு, படப்பிடிப்புத் தள ஒலிப்பதிவு ஆகியவற்றைக் கற்றுத்தரும் வகுப்புகளுக்கு முதலிடம் கொடுக்கலாம். அவற்றிலும் எத்தனை பேருக்கு ஒரு கருவி, எத்தனை பேருக்கு ஓர் உதவியாளர் என்று பதிவு செய்வதற்கு முன்பே அமைப்பாளர்களிடம் கேட்டுவிடுவது நல்லது. நாற்பது பேர் சுற்றி நின்று ஒரே கேமராவைப் பார்க்கும் வகுப்பைச் செய்முறை வகுப்பு என்று அழைக்க முடியாது.

வகுப்பில் அமர்ந்தபின், பயிற்றுநர் எப்படிப்பட்ட காட்சிகளைத் திறக்கிறார் என்பதைக் கவனியுங்கள். நான் எல்லாவற்றையும்விட அதிகமாக நம்புவது இந்த அடையாளத்தைத்தான். அழகாகப் படமாக்கப்பட்ட மாதிரிக் காட்சியில் எந்த வழிமுறையும் வெற்றி பெறும். ஜன்னல் வெளிச்சம் வெளிறிப்போன காட்சி, இரண்டு வகை விளக்குகளால் வைட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் வண்ணச் சமன்) குழம்பிய முகம், மின் இரைச்சல் கலந்த குரல் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, காட்சியின் ஒளி அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தைத் திறந்து, எது மீட்கக்கூடியது, எது மீட்க முடியாதது என்று பிரித்துக் காட்டுபவர் தொழிலில் உழைத்தவர். 8 பிட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 நிலைகள், 10 பிட்டில் 1024 நிலைகள் என்பதை யாரும் சொல்லிவிடலாம். லாக் முறையில் எடுத்த வானத்தின் ஒளி-நிழல் வேறுபாட்டைக் (கான்ட்ராஸ்ட்) கூட்டும்போது 8 பிட்டில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுவதைத் திரையில் காட்டி, அதனால் படப்பிடிப்பில் எந்த முடிவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்பவரே கற்பிக்கிறார்.

காரணத்தை விளக்குகிறாரா என்பதைச் சோதிக்க நன்றாகத் தெரிந்த ஒரு சிறு செய்தியே போதும். டைம்கோடு என்பது ஒவ்வொரு படச் சட்டத்துக்கும் (ஃபிரேமுக்கும்) தரப்படும் நேர எண். விநாடிக்கு 29.97 ஃபிரேம் வீதத்தில் டிராப் ஃபிரேம் டைம்கோடு என்றால், விடப்படுபவை எண்கள் மட்டுமே, படச் சட்டங்கள் அல்ல. ஒவ்வொரு பத்தாவது நிமிடத்தையும் தவிர்த்து, நிமிடத்துக்கு இரண்டு எண்கள் என்ற கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 108 எண்கள் விடப்படுகின்றன. எண்ணிக்கை விநாடிக்கு 30 என்றே ஓடுவதால், எண்களை விடாவிட்டால் டைம்கோடு ஒரு மணி நேரத்தில் உண்மையான நேரத்திலிருந்து ஏறத்தாழ 3.6 விநாடி விலகிவிடும். சட்டங்களே நீக்கப்படுவதாகச் சொல்லும் பயிற்றுநரின் மற்ற விளக்கங்களையும் சரிபார்த்தே ஏற்க வேண்டும். ஒலி வகுப்பில் இதற்கு இணையான சோதனை லவுட்னஸ், அதாவது காதுக்குக் கேட்கும் ஒலியின் உரப்பு. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் (ஈபியூ) ஆர்128 பரிந்துரை −23 எல்யூஎஃப்எஸ் (லவுட்னஸை அளக்கும் அலகு) என்ற அளவைக் கேட்கிறது. அது நிகழ்ச்சி முழுவதையும் கணக்கில் கொண்டு அளக்கப்படுவது. அதையும் உச்ச அளவையும் ஒன்றாகக் குழப்பினால் அடிப்படையே ஆட்டம் காண்கிறது.

கேள்வி நேரத்தில், 'இந்த முறை எந்தச் சூழலில் பலிக்காது?' என்று பணிவாகக் கேளுங்கள். அனுபவமுள்ளவர் தயங்காமல் ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவார். 'வேறு மென்பொருளில் இதையே எப்படிச் செய்வது?' என்ற கேள்வியும் பயனுள்ளது. பொத்தானின் பெயரை மட்டும் அறிந்தவருக்கும் அதன் பின்னுள்ள வேலையை அறிந்தவருக்கும் உள்ள வேறுபாடு அங்கே வெளிப்பட்டுவிடும்.

அறையின் நிலையும் மதிப்பீட்டில் சேர வேண்டும். வெளிச்சம் புகும் கூடத்தில் புரொஜெக்டர் திரையை வைத்து நடத்தப்படும் வண்ண வகுப்பில், கருமையையும் தோல் நிறத்தையும் நம்பகமாகப் பார்க்கவே இயலாது. அளவுதிருத்தம் செய்த மானிட்டர்கள் உள்ள சிறிய அறையைத் தேடுவதே சரி. திறந்த மேடையில் நடக்கும் ஒலி வகுப்புக்கு ஹெட்ஃபோன் தரப்படாவிட்டால் அதைத் தவிர்த்துவிடலாம்.

சான்றிதழ் தரப்படும் என்று சொன்னால், அது வருகைக்கானதா, தேர்வில் வென்றதற்கானதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வகைச் சான்றிதழுக்காகக் கூடுதல் கட்டணம் தருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வகுப்பு முடிந்த அன்றே, புதிதாக எதைச் செய்ய முடிகிறது, எது இன்னும் புரியவில்லை, பயிற்றுநர் எந்தக் கேள்வியை நழுவவிட்டார் என்பவற்றை எழுதி வையுங்கள். ஊர் திரும்பியதும் குறிப்புகளைப் பார்க்காமல் உங்கள் சொந்த ஃபுட்டேஜில் அந்தப் பயிற்சியை மறுபடி செய்து பாருங்கள். எங்கே தடைப்படுகிறதோ அதைக் குறிப்பாகச் சுட்டி, பயிற்றுநர் தந்த முகவரிக்கு எழுதுங்கள். கருத்துப் படிவத்திலும் 'நன்று' என்று மட்டும் எழுதாமல் அந்தத் தடையையே எழுதினால், அமைப்பாளர்கள் அடுத்த கண்காட்சியில் அந்தப் பகுதிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க அது உதவும்.