விற்பதற்கு முன் வீட்டின் வெளிப்புறம்: தண்ணீரில் தொடங்கிப் பெயிண்டில் முடிக்க வேண்டிய வேலை

வீட்டை விற்கப் போகிறோம் என்றதும் பெரும்பாலோர் முதலில் கூப்பிடுவது பெயிண்டரைத்தான். பெயிண்ட் கடைசி வேலை. அதற்கு முன், தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தியாக வேண்டும். ஓதம் ஏறிய சுவரில் அடித்த பெயிண்ட் சில வாரங்களிலேயே கொப்புளம் போட்டு உரியத் தொடங்கும். வாங்க வருபவர் அதைப் பார்த்தால், குறையை வேண்டுமென்றே மூடி மறைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். பழைய பெயிண்டோடு விட்டிருந்தால்கூட அவ்வளவு சந்தேகம் வந்திருக்காது.

விளம்பரத்துக்குப் படம் எடுக்கும் நாளுக்கு 6 வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். வேலை அவ்வளவு நாள் பிடிக்காது. காயும் நேரம்தான் நாட்களைத் தின்னும். முதல் நாள் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று வீட்டை நான்கைந்து படம் எடுங்கள். தினமும் பார்த்துப் பழகிய கண் தவறவிடும் கறையும் கோணலும் படத்தில் பளிச்சென்று தெரியும். பிறகு கேட்டிலிருந்து வாசற்கதவு வரை மெதுவாக நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு குறையையும் எழுதிக்கொள்ளுங்கள். செலவில் முதல் பங்கு இந்தப் பாதைக்குத்தான். பின்பக்கச் சுவர் சுத்தமாக இருந்தால் போதும்.

தண்ணீர் வரும் வழி

மழை பெய்யும்போது குடையோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். மழை இல்லாத காலமென்றால் மொட்டை மாடியிலோ கூரையிலோ குழாய்த் தண்ணீரை விட்டுப் பாருங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது, மழைநீர்க் குழாயும் அதன் இணைப்புகளும்: இலை அடைத்த குழாய் வழிந்து சுவரில் நீளமான கறுப்புக் கோடு போட்டிருக்கும். இரண்டாவது, சன்ஷேடின் மேல்பரப்பு. அங்கே தேங்கும் நீர் சுவரும் சன்ஷேடும் சேரும் மூலையில் இறங்கி, உள்ளே ஜன்னலுக்கு மேல் ஓதமாகத் தெரியும். அந்த மூலையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நீர்புகா கலவை சேர்த்த சிமென்ட் சாந்தால் சாய்வாக அடைத்து, மேல்பரப்புக்கு வெளிப்புறமாக வாட்டம் கொடுக்க வேண்டும். மூன்றாவது, சுவரை ஒட்டிய தரை. சுவரிலிருந்து வெளியே குறைந்தது 50-க்கு 1 என்ற வாட்டம் இருக்க வேண்டும். அதாவது ஒரு மீட்டர் தூரத்துக்கு 2 சென்டிமீட்டர் இறக்கம். தரை வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் எந்தப் பெயிண்டும் அடிச்சுவரைக் காப்பாற்றாது.

சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் தூளாக உப்பு பூத்திருந்தால், அதை முதலில் உலர்ந்த நார்ப் பிரஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி பூச்சுக்குள்ளேயே போய், காய்ந்ததும் திரும்பப் பூக்கும். ஈரத்தின் மூலத்தை அடைத்து இரண்டு வாரம் பாருங்கள். மறுபடி பூக்கவில்லை என்றால்தான் பெயிண்ட் அடிக்கலாம்.

கழுவுதல்

பாசியும் பூஞ்சையும் பிடித்த சுவருக்கு ஒரு பங்கு வீட்டு உபயோகப் பிளீச்சில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து, கீழிருந்து மேலாகத் தடவுங்கள். மேலிருந்து தடவினால் வழியும் கரைசல் காய்ந்த சுவரில் கோடுகளை விட்டுவிடும். 15 நிமிடம் ஊறவிட்டுப் பிரஷால் தேய்த்து, மேலிருந்து கீழாக நல்ல தண்ணீரில் அலசுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். செடிகளை முன்பே தண்ணீரில் நனைத்து மூடிவையுங்கள். பிளீச்சோடு அமிலத்தையோ அமோனியா கலந்த சுத்திகரிப்பானையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். உயிருக்கே ஆபத்தான வாயு கிளம்பும்.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் அகலமாகத் தெளிக்கும் 40 டிகிரி நாசிலைப் போட்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்று அடியுங்கள். நெருங்கி அடித்தால் பூச்சு பெயரும். ஜன்னல் சட்டத்தின் அடியிலோ ஓட்டின் அடியிலோ கீழிருந்து மேல்நோக்கிப் பாய்ச்சினால் தண்ணீர் உள்ளே போய்விடும். மரச்சுவருக்கு இந்த இயந்திரம் வேண்டாம். மென்மையான பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும். கழுவிய சுவர் நல்ல வெயிலில் குறைந்தது இரண்டு, மூன்று நாள் காய வேண்டும்.

விரிசல்

எல்லா விரிசலும் ஒன்றல்ல. தலைமுடி அளவில் வலைபோலப் பரவிய விரிசல் பூச்சு காயும்போது சுருங்கியதால் வந்தது. பிரைமரும் வெளிப்புறப் பட்டியும் அதை மூடிவிடும். 1 முதல் 3 மில்லிமீட்டர் அகலமுள்ளதைக் கரணையின் முனையால் ஆங்கில வி வடிவத்தில் சற்று அகலப்படுத்தி, தூசியைப் பிரஷால் தட்டி எடுத்து, அக்ரிலிக் விரிசல் நிரப்பியை அழுத்தி ஏற்றுங்கள். அகலப்படுத்தாமல் மேலே பூசினால் நிரப்பி உள்ளே இறங்காது, அடுத்த வெயிலில் பெயர்ந்து வரும். ஆழமான இடத்தை ஒரே தடவையில் நிரப்பக் கூடாது. காயும்போது நடுவில் குழி விழும். இரண்டு தடவையாக நிரப்பி, முழுதும் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுச் சுவரோடு சமமாக்குங்கள். தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் நேராக ஓடும் விரிசலுக்கு நிரப்பி மட்டும் போதாது. இரண்டும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரியும் என்பதால், மேலே ஃபைபர் வலை ஒட்டிப் பூச வேண்டும்.

படிக்கட்டு மாதிரிச் செங்கல் இணைப்புகளில் ஏறிப்போகும் விரிசல், ஒரு முனையைவிட மறுமுனையில் அகலமான விரிசல், 5 மில்லிமீட்டருக்கு மேல் திறந்த விரிசல் ஆகியவற்றைத் தொடாமல் கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள். அடித்தளம் இறங்கியதன் அடையாளமாக அது இருக்கலாம். பழுது பார்த்தால் அதற்கான ஆவணத்தைப் பத்திரமாக வைத்து, வாங்குபவரிடம் காட்டிவிடுங்கள். எழுத்தில் காட்டிய குறை விலைப்பேச்சோடு முடிந்துவிடும். மறைத்த குறை விற்ற பிறகும் வழக்காக வரக்கூடும்.

பூச்சு பெயர்ந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்கும் இடம் முழுதையும் கொத்தி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் பூச வேண்டும். புதுப் பூச்சின் மேல் சாதாரணப் பெயிண்ட் அடிக்க 28 நாள் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் புதுப் பூச்சின் காரத்தன்மை பெயிண்டின் நிறத்தைத் திட்டுத் திட்டாக வெளிறச் செய்யும். அதனால் பூச்சு வேலையை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

பெயிண்ட்

முழுச் சுவருக்கும் அடிக்கத்தான் வேண்டுமா? உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்பு போலத் தூள் ஒட்டினால் பழைய பெயிண்டின் பிடிப்பு போய்விட்டது. தூளைக் கழுவி எடுத்து, காய்ந்த பின் பிரைமர் அடித்தால்தான் புதியது பிடிக்கும். பிளேடால் ஒரு பெருக்கல் குறி கீறி, அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயிண்ட் நாடாவோடு வந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டியாக வேண்டும். இரண்டிலும் சுவர் தேறிவிட்டால், கழுவுவதும் கறைபட்ட இடத்தைச் சரிசெய்வதுமே போதுமானதாக இருக்கலாம். ஆனால் சுவரின் நடுவில் மட்டும் புதுப் பெயிண்டால் ஒட்டுப்போடாதீர்கள்; பழைய நிறத்தோடு சேராது. மூலையிலிருந்து மூலை வரை ஒரு முழுப் பக்கமாக அடியுங்கள்.

பல பத்தாண்டு பழைய வீட்டின் அடிப்பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். அங்கே உலர்வாகத் தேய்க்கக் கூடாது. ஈரப்படுத்தித் தேய்த்து, உதிரும் துகள்களைக் கீழே விரித்த பிளாஸ்டிக் தாளில் சேர்த்து எடுங்கள். நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் அணியுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வரவே கூடாது.

அளவுக் கணக்கு எளிது. சுற்றளவு 40 மீட்டர், உயரம் 6 மீட்டர் என்றால் 240 சதுர மீட்டர். கதவு, ஜன்னலுக்கு 30 கழித்தால் 210. வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு தடவை அடிக்க, சுமார் 10 சதுர மீட்டர் வரும்; இரண்டு கோட்டுக்கு 42 லிட்டர். பத்து சதவீதம் கூட்டி 46 லிட்டராக வைத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பான சுவர் இதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். டப்பாவுக்கு டப்பா நிறம் மெல்ல மாறும் என்பதால், ஒரு பக்கத்துக்குத் தேவையானதைப் பெரிய வாளியில் மொத்தமாகக் கலந்துகொண்டு அடியுங்கள்.

நிறத்தில் உங்கள் ஆசையை ஒதுக்கிவையுங்கள். வெண்மை கலந்த மணல் நிறம், இளஞ்சாம்பல், தந்த நிறம் போன்றவை யாரையும் உறுத்தாது. கூரையும் தரைக்கல்லும் மாறப்போவதில்லை என்பதால் அவற்றோடு சேர்வதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு அடிக்கு இரண்டு அடி அளவில் வெயில் படும் சுவரிலும் நிழல் சுவரிலும் அடித்து, காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் பாருங்கள். சிறு அட்டையில் மென்மையாகத் தெரியும் நிறம் பெரிய சுவரில் அழுத்தமாகத் தெரியும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை சற்று அடர்ந்த நிறம் கொடுத்தால் மழையில் தெறிக்கும் சேறு தெரியாது.

வெயில் நேரடியாக விழும் சுவரில் அடிக்காதீர்கள். மேல்தோல் சீக்கிரம் காய்ந்து பிரஷ் கோடுகள் நின்றுவிடும். நிழலைப் பின்தொடர்ந்து பக்கம் பக்கமாகப் போங்கள். பிரைமர் ஒரு கோட்டு, மேல் பெயிண்ட் இரண்டு கோட்டு, இடைவெளி டப்பாவில் சொன்னபடி. பொதுவாக 4 முதல் 6 மணி நேரம். ஈரப்பதமான நாளில் அதிகம். 24 மணி நேரத்துக்குள் மழை வரும் போலிருந்தால் தள்ளிப்போடுங்கள். ஏணியின் அடியை நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். இரண்டாம் மாடிக்கு ஏணி வேண்டாம், சாரம் கட்டச் சொல்லுங்கள்.

கேட்டும் வாசற்கதவும்

வாங்குபவர் கையால் தொடும் முதல் பொருள்கள் இவை. இரும்புக் கேட்டில் துருவின் மேலேயே எனாமல் அடிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. துரு அடியில் வளர்ந்து பெயிண்டைத் தூக்கிவிடும். ஒயர் பிரஷால் தேய்த்து, 80-ஆம் நம்பர் எமரித் தாளால் உலோகம் மின்னும் வரை தேய்த்து, 150-ஆல் மென்மையாக்குங்கள். தின்னர் நனைத்த துணியால் துடைத்த அன்றே துருத்தடுப்புப் பிரைமர் அடித்துவிடுங்கள். ஒரு ராத்திரி விட்டால் ஈரக்காற்றில் மறுபடி துரு பிடிக்கும். பிறகு மெல்லிய இரண்டு கோட்டு எனாமல். கெட்டியாக ஒரே கோட்டு அடித்தால் வழிந்து நிற்கும். கீலுக்குக் கிரீஸ் போட்டு, கேட் தரையில் உரசாமல் ஒரு கையால் திறக்கிறதா என்று பாருங்கள்.

மரக்கதவை மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, ஓட்டைகளை மரப்பட்டியால் அடைத்து, வெளிப்புறத்துக்கான பாலியூரித்தேன் இரண்டு கோட்டு கொடுங்கள். தட்டும்போது உள்ளே கூடாக ஒலித்தால் கரையான் அரித்திருக்கலாம்; பாலிஷ் போடும் முன் அதைக் கவனியுங்கள்.

மற்றவை

சுவரை ஒட்டிய செடிகளை ஓர் அடி விலக்கி வெட்டுங்கள். ஈரம் தங்காது, சுவரும் தெரியும். ஜன்னலை மறைக்கும் கிளைகள் போகட்டும். புல்லை ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் மஞ்சளாகிவிடும். புதுச் செடி வாங்கும் பணத்தில் களையை எடுத்து, பாத்தியில் இரண்டு அங்குலத்துக்கு மண்ணை மூடும் இலைதழை மூடாக்குப் போட்டால் அதைவிட நன்றாக இருக்கும். மூடாக்கு மரத்தின் அடித்தண்டைத் தொடக் கூடாது, அழுகும். வண்டி நிறுத்துமிடத்து எண்ணெய்க் கறையில் மரத்தூளைக் கொட்டி ஓர் இரவு உறிஞ்சவிட்டு, சலவைத்தூள் தூவிக் கடினப் பிரஷால் தேயுங்கள்.

வெளிவிளக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே நிற பல்பு போடுங்கள். 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் வெளிச்சம் சுவருக்கு நன்றாக இருக்கும். வீட்டு எண்ணின் இலக்கங்கள் தெருவிலிருந்தே படிக்கும்படி குறைந்தது 10 சென்டிமீட்டர் உயரமாக இருக்கட்டும்.

படம் எடுக்கும் நாளில் வண்டி, குப்பைத் தொட்டி, துணிக்கொடி எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, சூரியன் வீட்டின் முகப்பில் விழும் வேளையில் எடுங்கள். கிழக்கு பார்த்த வீட்டுக்குக் காலை, மேற்குக்கு மாலை. கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காமல் நேராகப் பிடித்தால் சுவர்கள் சரிந்து தெரியாது. மீந்த பெயிண்டை மூடி இறுக்கி, நிற எண்ணை மேலே எழுதி வையுங்கள். விற்பனை முடிய மாதக்கணக்கில் ஆகலாம். இடையில் விழும் கீறலுக்கு அதே நிறம் தேவைப்படும்.